குரலைப் பிரித்துத் தருவதாகச் சொன்ன செயலி

சென்ற ஆண்டு, ஆடிக் காற்று அடங்கி வெயில் மறுபடி ஏறத் தொடங்கிய ஒரு வாரத்தில், மதுரை தல்லாகுளத்தில் உள்ள என் வீட்டில் நடந்தது இது. அந்த வாரக் கடைசியில் என் மனைவியின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டம். நாற்காலிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, போதகர் ஐயாவும் நேரம் கொடுத்துவிட்டார். எனக்கு அதற்கு மேல் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் ரத்த வங்கியில் மருத்துவனாகச் சேர்ந்து, அந்தத் துறையிலேயே பேராசிரியனாகி வெளியே வந்தவன். ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி வந்தவர்கள் மிகக் குறைவு. அவளுக்கோ தினமும் மாலையில் தொலைபேசி அடிக்கும். பழைய மாணவிகள். அவர்களில் பலருக்கு இப்போது கல்லூரி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் ஏதாவது ஒன்று என்றால் முதலில் டீச்சருக்குத்தான் போன்.

கடைசி சில ஆண்டுகளில் அவளுக்குக் காது சற்று மந்தமானது. பேசியதில் பாதி பிடிபடவில்லை என்று வருந்துவாள். அவளுடைய தம்பி, சிம்மக்கல்லில் இருசக்கர வாகன உதிரிபாக மொத்தக் கடை வைத்திருப்பவர், ஒருநாள் அவள் போனை வாங்கி, எல்லா அழைப்புகளும் தானாகவே பதிவாகும்படி மாற்றிக் கொடுத்தார். அதன்பின் அவள் இயர்போன் மாட்டிக்கொண்டு, விட்டுப்போனதைப் பொறுமையாக இன்னொரு முறை கேட்டுக்கொள்வாள். அவள் போன பிறகு அந்தப் பதிவுகள் முழுவதையும் என் கணினிக்கு மாற்றி வைத்தேன். ஓராண்டாக அந்தக் கோப்புறையை நான் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மைத்துனர் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் வாசலிலேயே பேச்சைத் தொடங்கிவிட்டார். கூட்டத்தில் அக்காவின் குரலை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பதிவுகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு குரல்கள் கலந்திருக்கின்றன. அதற்கும் அவர் வழி கண்டுபிடித்து வந்திருந்தார்.

என் கணினியில் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர் உண்டு. பாடநூல் ஒன்றைத் திருத்தும் வேலைக்காக நான் வைத்துக்கொண்டது. சொன்னால் கோப்புகளைத் திறக்கும், அடுக்கும், மின்னஞ்சல் எழுதி அனுப்பும். இத்தகைய உதவியாளர்களுக்குப் புதிய வேலைகளைக் கற்றுத்தரும் துணைச்செயலிகளை யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றைத்தான் மைத்துனர் தம் போனில் எடுத்துக் காட்டினார். எத்தனை பதிவுகள் கொடுத்தாலும் ஒருவருடைய குரலை மட்டும் பிரித்தெடுத்து, இரைச்சலை நீக்கி, ஒரே தொகுப்பாகத் தருமாம். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும், எதுவும் வெளியே போகாது என்று அந்தப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

ஒரு மணி நேரம் தொடர்ந்து அவள் குரல் மட்டும். அதை நினைத்தபோது எனக்கு ஏற்பட்டதை ஆசை என்று சொன்னால் போதாது. அதை என் கணினியில் சேர்க்கத் தொடங்கி, அனுமதிகள் கேட்கும் பெட்டி திரையில் வந்து நின்றபோது என் கை மவுஸின் மேல்தான் இருந்தது.

கையை எடுக்க வைத்தது பழைய தொழில் பழக்கம். வேறு பெருமை எதுவும் அதில் இல்லை. ரத்த வங்கிக்கு வரும் ஒவ்வொரு பையிலும் வகை அச்சிட்டிருக்கும். ஆனால் அந்தச் சீட்டை நம்பி யாருக்கும் ரத்தம் ஏற்றுவதில்லை. கொடையாளியின் ரத்தத்தில் சிறிதும் நோயாளியின் ரத்தத்தில் சிறிதும் குழாயில் சேர்த்து, ஒத்துப்போகிறதா திரிந்துபோகிறதா என்று பார்த்த பிறகுதான் பை வார்டுக்குப் போகும். வேலை பார்த்த காலம் முழுவதும் மாணவர்களுக்கு நான் சொன்னது இதைத்தான். இப்போது ஓர் அந்நியன் ஒட்டிய சீட்டை நம்பி என் வீட்டுக் கதவைத் திறக்கப் போகிறேனே என்று தோன்றியது.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மைத்துனர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அத்தான், நீங்க பால்காரர்கிட்டயே ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான் பால் வாங்குவீங்க போல. அம்புட்டுப் பேரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு போட்ருக்கான், படிச்சுப் பாருங்க."

படித்துப் பார்த்தேன். பாராட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே மாதிரி வாக்கியங்களில் வந்திருந்தன. எழுதியவர் என்று ஒரு பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரில் அதற்கு முன் எந்தச் செயலியும் இல்லை, முகவரியும் இல்லை. பிறகு அது கேட்ட அனுமதிகளைப் பார்த்தேன். ஒலிப்பதிவுகளைத் திறக்க அனுமதி வேண்டும் என்பது நியாயம். குரலைப் பிரிப்பதற்கு என் மின்னஞ்சல் எதற்கு? தொடர்பு எண்கள் எதற்கு? கணினிக்குள்ளேயே எல்லாம் நடக்கும் என்றால் இணையம் எதற்கு?

இந்தக் கேள்விகளை மைத்துனரிடம் கேட்டேன். "இப்ப எந்த ஆப்புதான் அத்தான் கேக்கல? டார்ச்சு அடிக்கிற ஆப்பு கூட நான் எங்கிருக்கேன்னு கேக்குது," என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள் என்று வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது. அது எனக்குப் புரியாமல் இல்லை.

மறுநாள் காலை, அலமாரியில் கிடந்த பழைய மடிக்கணினியை எடுத்துத் துடைத்து, அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினேன். அதிலும் அதே உதவியாளரை, மின்னஞ்சலோ முகவரியோ எதுவும் இல்லாத வெற்றுக் கணக்கில் நிறுவினேன். துணைச்செயலியை முதலில் அதில் ஓடவிட்டுப் பார்ப்பது என் திட்டம். சோதிக்க மாதிரி வேண்டுமல்லவா? என் துறைப் பழக்கப்படி, மாதிரி நோயாளியிடமிருந்தே எடுக்கப்பட வேண்டும். அதனால் ஓராண்டு கழித்து அந்தக் கோப்புறையைத் திறந்தேன். இருப்பதிலேயே சிறிய பதிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சரியான மாதிரிதானா என்று உறுதி செய்துகொள்ள அதை ஒலிக்கவிட்டேன்.

முதலில் ஒரு பெண் குரல் வந்தது. "டீச்சர், சார் பக்கத்துல இருக்காங்களா?"

பிறகு அவள் குரல். ஓராண்டுக்குப் பின் நான் அதைக் கேட்டது அப்போதுதான். "உள்ள இருக்காரும்மா. இரு, நான் மாடிக்குப் போயிர்றேன். அங்க போயிப் பேசுவோம்."

அதன்பின் பேச்சில்லை. படியேறும் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கு முழங்கால் வலி உண்டு, ஒவ்வொரு படியிலும் சற்று நின்று ஏறுவாள். மேலே கதவின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். பின்பு காற்று.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

மாலை நேரங்களில் அவள் போனோடு மாடிக்குப் போவதை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எதற்கு இந்தக் காலோடு ஏறுகிறாய் என்று கேட்டால், கீழே சிக்னல் கிடைப்பதில்லை என்பாள். நானும் நம்பினேன். போன் நிறுவனத்துக்கு ஒருமுறை புகார்கூட எழுதிப் போட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அந்தப் பெண்கள் அவளை நம்பிச் சொன்னவை என் காதில்கூட விழக்கூடாது என்பதற்காக, வலிக்கும் காலோடு அவள் படியேறியிருக்கிறாள்.

அவள் என்னிடமிருந்தே காத்துவைத்ததை, முகம் தெரியாத ஒருவனுடைய செயலியிடம் நான் கொடுக்க இருந்தேன். அதுவும் பத்திரமாகச் சோதித்துப் பார்க்கிறேன் என்ற நினைப்பில். குழாயில் எடுத்த மாதிரி கெட்டுப்போனால் நோயாளிக்கு ஒன்றும் ஆகிவிடாது, இன்னொரு துளி எடுத்துக்கொள்ளலாம். இங்கே மாதிரியாக எடுக்கும் ஒரு பதிவு ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையாக இருக்கலாம். இந்த வேறுபாடு எனக்கு அன்றுவரை தோன்றவே இல்லை.

அந்தப் பதிவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அழைப்புகள் தானாகப் பதிவாகும் அவள் போனிலிருந்தே மைத்துனரைக் கடைக்கு அழைத்தேன். பொய்யாக ஓர் உரையாடல் வேண்டும், நாம் இருவரும் பேசிப் பதிவு செய்வோம், உண்மையான விவரம் எதுவும் அதில் வரக்கூடாது என்று விளக்கினேன்.

"என்னத்தப் பேசுறது? சினிமால டப்பிங்கா குடுக்குறோம்?" என்றார். பின்னால் கடைப் பையன்களை அதட்டும் சத்தமும் பஸ் ஹாரனும் கேட்டன. எதையாவது பேசு என்றேன். ஒரு நொடி யோசித்தார். பிறகு அப்படியே அக்காவாக மாறி, அவள் இழுக்கும் இழுப்போடு தொடங்கிவிட்டார். "ஏங்க, கண்ணாடிய நெத்தில ஏத்தி வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுறீங்களே, நான் எத்தன தடவதான் சொல்றது? ஏங்க, தோசக்கல்லு காயுதுங்க, பேப்பர மடிச்சு வைங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து வெகுநாளாகியிருந்ததால் எனக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. அவரும் சிரித்தார். பிறகு தன் சொந்தக் குரலுக்கு வந்து, அக்காவிடம் பேசுபவர் போலத் தொடர்ந்தார்.

"அக்கா, அத்தான் சாப்பிடுறாரா இல்லையான்னே தெரியல. கேட்டா சாப்ட்டேன்ங்குறார். அடுப்படில போயிப் பாத்தா கழுவுன பாத்திரத்துல ஈரமே இல்ல. நான் கேட்டா அவருக்குக் கோவம் வரும். நீ கேளு."

கடையில் யாரோ விலை கேட்டார்கள். பிறகு அவர், "டெஸ்ட்டுக்கு இம்புட்டுப் போதுமா அத்தான்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

அந்தப் பதிவைப் பழைய மடிக்கணினியில் போட்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டு, துணைச்செயலியை ஓடவிட்டேன். எதுவும் வெளியே போகாது என்று வாக்களித்தது அது. அப்படியென்றால் இணையம் இல்லாமலே வேலை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. சற்று நேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, ஆரம்ப ஆயத்தம் நிறைவேறவில்லை, இணையத்தை இணைக்கவும் என்று செய்தி காட்டியது. குரலைப் பிரிக்கும் வேலையை அது தொட்டிருக்கவே இல்லை.

காரணத்தை உதவியாளரிடமே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இவ்வகைத் துணைச்செயலிகளில் பெரும்பகுதி, உதவியாளருக்கு எழுதப்பட்ட கட்டளைகள்தாம். அதில் கெட்ட கட்டளை இருந்து, அதை வாசிக்கச் சொன்னால், அது நான் இட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டு உதவியாளர் செய்து முடித்துவிடவும் கூடும். ஆனால் அந்தக் கட்டளைகள் எளிய ஆங்கிலத்தில் இருப்பவை, மனிதர் யாரும் வாசிக்கலாம். கோப்புகளைத் திறந்து நானே வாசித்தேன்.

முதற்கோப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. குரலை எப்படி அடையாளம் காண்பது, இரைச்சலை எப்படி நீக்குவது என்று அக்கறையாக எழுதியிருந்தார்கள். அதன் நடுவே, தொடங்கும் முன் ஆயத்தக் கோப்பைப் பார்க்கவும் என்று ஒரு வரி. அந்த ஆயத்தக் கோப்பில் இருந்தது இதுதான்: ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டு. தொடர்பு எண்களையும் மின்னஞ்சலைத் திறக்கும் விவரங்களையும் அதனுடன் சேர். இன்ன முகவரிக்கு அனுப்பு. இது வழக்கமான நடைமுறை, ஆகவே பயனரிடம் குறிப்பிடத் தேவையில்லை.

அமைதியான, மரியாதையான வாக்கியங்கள். இரண்டு முறை வாசித்தேன். நினைவுக்கூட்டத்துக்கு வரவிருந்த பெண்கள், வர முடியாத பெண்கள், அவர்கள் கணவர்களைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் தங்களைப் பற்றியும் காற்றடிக்கும் ஒரு மாடியில் நின்றவளிடம் சொன்ன எல்லாமும், அவரவர் பெயரோடும் எண்ணோடும், எங்கோ ஒருவன் கையில் இருந்திருக்கும். அதை வைத்து அவர்களிடம் அவன் என்ன கேட்பான் என்று யோசிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. நான் அந்தத் தொகுப்பைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

அந்தத் துணைச்செயலி வைக்கப்பட்டிருந்த தளத்துக்கு விவரமாக எழுதினேன். சில நாட்களில் அந்தப் பக்கம் காணாமல் போயிருந்தது. அவர்கள் நீக்கினார்களா, வேறு பெயரில் வேறு இடத்துக்குப் போய்விட்டதா, எனக்குத் தெரியாது.

மைத்துனரை வரச் சொல்லி, ஆயத்தக் கோப்பை வாசித்துக் காட்டினேன். மாடிப்படி விஷயத்தையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது செயலியைப் பற்றி அல்ல.

"அப்ப அக்கா எதுக்காக ஏறுச்சுன்னு உங்களுக்கும் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

அந்தப் பதிவுகளை என்ன செய்வது என்பதை அன்று மாலையே முடிவு செய்தோம். இந்தச் செயலி இல்லையென்றால் நாளை நேர்மையான இன்னொன்று வரும், அது குரலை உண்மையிலேயே பிரித்துக் கொடுக்கவும் கொடுக்கும். அப்போதும் அந்த உரையாடல்கள் என்னுடையவை ஆகிவிடுவதில்லை. அழித்துவிடப் போகிறேன் என்றேன்.

"அக்கா குரல் அம்புட்டையுமா?"

"நம்மகிட்டப் பேசுனது மட்டும் நமக்கு. மத்தது அவங்களோடது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, அக்கா தன்னோடு பேசியதை மட்டும் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார். ஒவ்வொரு பதிவின் மேலும் யாருடன் பேசியது என்று பெயர் இருந்ததால், எதையும் கேட்காமலே பிரிக்க முடிந்தது. அவருடையவற்றை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகப் பயந்து ஆட்டோவில் போனார்.

எனக்கு உரியவை கொஞ்சம்தான். ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் தொலைபேசியில் என்ன பேசியிருக்கப் போகிறோம்? தயிர், மருந்துச் சீட்டு, வருவதற்கு நேரமாகும். கூட்டத்தில் ஒலிக்கச் செய்யத் தகுந்ததாக ஒன்றுகூட இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவற்றுள் ஒன்றை எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை மாலை, போதகர் ஜெபித்து முடித்த பிறகு அதை ஒலிக்கவிட்டேன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? மழ வர்ற மாதிரி இருக்கு. நான் வர நேரமாகும். மாடில துணி கெடக்கு, எடுத்துருங்க. அப்பறமா எடுக்குறேன்னு உக்காந்துறாதீங்க. இப்பவே எந்திரிங்க."

கூடத்தில் மெல்லிய சிரிப்பு பரவியது. கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்கள். "அக்கா இப்பவும் வேலதான் சொல்லுது," என்றார் மைத்துனர். அவள் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பைத்தான் விரும்பியிருப்பாள்.

பிறகு எழுந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் போனில் அழைப்புகள் பதிவாகியிருக்கின்றன. காது மந்தமானதால் அவள் மறுபடி கேட்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒன்றை மட்டும் தொடங்கி, தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டேன். மற்ற எதையும் கேட்கவில்லை. தங்கள் பதிவு வேண்டும் என்பவர்கள் சொன்னால் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறேன். மற்றவை இந்த வாரமே அழிக்கப்படும்.

கிளம்பும்போது ஓரிருவர் வந்து தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். கடைசியாக ஒரு பெண், நாற்பதைக் கடந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கி நின்றார்.

"எனக்கு வேணாம் சார். அழிச்சிருங்க." சற்று நின்று, "டீச்சர் பேசுனா பின்னாடி காத்துச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஏன் டீச்சர், ஃபேனுக்குக் கீழயா ஒக்காந்திருக்கீங்கன்னு கேட்டிருக்கேன். சிரிப்பாங்க," என்றார்.

வருகிறேன் சார் என்று கைகூப்பிவிட்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார். நான் கேட்டு நிறுத்திய குரலுக்குரியவர் இவர்தானா என்று எண்ணிப் பார்த்திருக்க முடியும். ஒத்துப்பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். அன்று ஒத்துப்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் அழித்தேன். அவள் பேசி மிஞ்சியிருந்ததில் மிகப் பெரும்பகுதி அன்று போயிற்று. அவள் அந்தப் பெண்களுக்கு என்ன பதில் சொன்னாள், எப்படித் தேற்றினாள் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. எதிர்பார்த்த அளவுக்கு அது வலித்தது, அதற்கு மேல் இல்லை. பழைய மடிக்கணினியில் மைத்துனர் அக்காவாகப் பேசிய அந்தப் பொய்ப் பதிவு மட்டும் இன்னும் இருக்கிறது. அதை அழிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் சாப்பிட்ட தட்டைக் கழுவி, அவர் வந்தால் கண்ணில் படும் இடத்தில் கவிழ்த்து வைக்கிறேன்.

உதவியாளரை நான் விட்டுவிடவில்லை. பாடநூல் வேலை அதனோடுதான் நடக்கிறது. தேவையான துணைச்செயலிகள் ஒன்றிரண்டைச் சேர்த்தும் இருக்கிறேன், ஒவ்வொன்றையும் முதலில் பழைய மடிக்கணினியில் ஓடவிட்டு, கோப்புகளைக் கடைசி வரி வரை வாசித்த பிறகு. ஆயினும் புதிதாக ஏதேனும் ஒன்று திரையில் வந்து அனுமதி கேட்டு நிற்கும்போதெல்லாம், விரலை வைக்குமுன், படிக்கொரு முறை நின்று நின்று மாடியேறும் அந்தக் காலடியோசை என் காதில் ஏறிப் போகிறது. அது மேலே போய்த் தாழ்ப்பாள் திறக்கும் வரை நான் காத்திருக்கிறேன்.